தொழிற்படிப்பில் மாணவருக்கு வேலை கைவந்துவிட்டதா? கற்றல் விளைவுகளை மதிப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமுதாயக் கல்லூரிகளில் வெல்டிங், மின்பணி, வாகனப் பழுதுபார்ப்பு, செவிலியர் உதவியாளர், கணக்குப் பதிவு போன்ற தொழிற்படிப்புகளை நடத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் கல்லூரியின் தரத்தைச் சோதிக்கும் அங்கீகாரக் குழு வரப்போகிறது என்றதும்தான் கேட்கிறார்கள். பரவாயில்லை, எப்போது கேட்டாலும் பதில் இதுதான்.

கற்றல் விளைவு என்றால் என்ன? பாடத்திட்டத்தில் இருப்பதுதானே?

இல்லை. ஆசிரியர் எதை நடத்தப் போகிறார் என்பது பாடத்திட்டம். படிப்பு முடியும்போது மாணவர் எதைச் செய்வார் என்பது கற்றல் விளைவு. ‘மோட்டார் கட்டுப்பாட்டுச் சுற்றுகளைப் பற்றி அறிந்துகொள்வார்’ என்று எழுதினால் அதை யாராலும் சோதிக்க முடியாது. ‘மும்முனை மோட்டார் ஸ்டார்ட்டரில் வேண்டுமென்றே வைத்த ஒரு பழுதை, சுற்று வரைபடத்தையும் மல்டிமீட்டரையும் கொண்டு 30 நிமிடத்துக்குள் கண்டுபிடித்துச் சரிசெய்து, மோட்டாரை ஓட்டிக் காட்டுவார்’ என்று எழுதினால் சோதிக்கலாம்.

ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1962-லேயே இதற்கு மூன்று கேள்விகளை வைத்தார்: மாணவர் என்ன செய்ய வேண்டும், எந்தச் சூழலில் செய்ய வேண்டும், எந்த அளவுக்குச் சரியாகச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு எத்தனையோ மாதிரிகள் வந்துவிட்டன. தொழிற்படிப்புக்கு இந்த மூன்றே இன்னும் பெரும்பாலும் போதுமானவை.

நாங்கள்தான் மதிப்பெண் போடுகிறோமே, அது போதாதா?

போதாது. ஒரு மாணவர் பிரேக் பாடத்தில் 78 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வருகைக்கு 10-க்கு 10, ஒப்படைப்புகளுக்கு 20-க்கு 18, எழுத்துத் தேர்வில் 40-க்கு 36, செய்முறையில் 30-க்கு 14. கூட்டினால் 78, நல்ல மதிப்பெண்தான். ஆனால் இவருக்கு பிரேக் எண்ணெய் ஓடும் ஹைட்ராலிக் லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றத் தெரியாது. 78 என்ற எண் அதைச் சொல்லாது. மறைக்கத்தான் செய்யும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மதிப்பெண் ஒரு மாணவரைப் பற்றிப் பேசுகிறது. விளைவு மதிப்பீடோ ஒரு திறனை எடுத்துக்கொண்டு, வகுப்பில் எத்தனை பேருக்கு அது வந்திருக்கிறது என்று பார்க்கிறது. 24 பேரில் 15 பேருக்குக் காற்றை வெளியேற்றத் தெரியவில்லை என்றால், சிக்கல் அந்த 15 பேரிடம் இல்லை.

எத்தனை விளைவுகள் எழுத வேண்டும்?

ஒரு முழுப் படிப்புக்கு ஐந்திலிருந்து எட்டு வரை போதும். நாற்பது எழுதுகிற துறைகள் உண்டு. அந்த நாற்பதையும் ஒருவரும் அளப்பதில்லை.

எந்த வினைச்சொற்களில் எழுதுவது? புளூமின் பட்டியலைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 1956-இல் வெளியிட்ட வகைப்பாடு அறிவு சார்ந்த படிநிலைகளைத்தான் சொல்கிறது. கைத்திறனுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. அதற்கு ஆர். எச். தவே 1970-இல் கொடுத்த ஐந்து படிகள் நன்றாக உதவும்: பார்த்துச் செய்தல், சொன்னபடி செய்தல், துல்லியமாகச் செய்தல், பல திறன்களைக் கோத்துச் செய்தல், யோசிக்காமலே கை தானாகச் செய்தல். முதலாம் ஆண்டு மாணவரிடம் ஐந்தாவது படியை எதிர்பார்க்கும் விளைவுகளை நிறையப் பார்க்கலாம். ஓராண்டுப் படிப்பு மூன்றாவது படிக்குக் கொண்டுபோனாலே பெரிய விஷயம்.

எந்தத் திறன்கள் வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது? முதலாளிகளா, ஆசிரியர்களா?

அந்த வேலையைத் தினமும் செய்கிறவர்கள். கனடாவில் 1960-களில் உருவான டேகம் என்ற முறை இதே நம்பிக்கையில்தான் நிற்கிறது: ஒரு வேலையை அதில் தேர்ந்த தொழிலாளியைவிடச் சரியாக வேறு யாராலும் விவரிக்க முடியாது. ஐந்திலிருந்து பன்னிரண்டு பேர் வரை தேர்ந்த தொழிலாளர்களை அழைத்து, பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இரண்டு நாள் அளவில் அவர்களோடு உட்கார்ந்து, வேலையைக் கடமைகளாகவும் கடமைகளைப் பணிகளாகவும் பிரித்துச் சுவரில் அட்டைகளாக ஒட்டுவார். பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயமே பிடித்திருக்கும் விஷயம் அந்தச் சுவரில் ஒரு அட்டையாகக்கூட வராமல் போகலாம். புத்தகத்தில் இல்லாத ஒன்று பெரிய இடத்தைப் பிடிக்கலாம். வாடிக்கையாளரிடம் பழுதை விளக்கிச் சொல்வதும், செய்த வேலையை எழுதிவைப்பதும் பல தொழில்களில் அப்படித்தான்.

முதலாளிகளையும் கேளுங்கள், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. ஆலோசனைக் குழுவில் ஒரே நிறுவனத்தின் குரல் ஓங்கிவிட்டால், அந்த நிறுவனத்தின் இயந்திரத்தை மட்டும் ஓட்டத் தெரிந்த ஆட்களைத்தான் நீங்கள் தயார் செய்வீர்கள். நிறுவனம் இயந்திரத்தை மாற்றும் நாளில் மாணவர் கையில் ஒன்றும் இருக்காது.

கைவேலையை எப்படி அளப்பது? எழுத்துத் தேர்வில் கேட்டால் ஆகாதா?

மருத்துவக் கல்விக்காக ஜார்ஜ் மில்லர் 1990-இல் நான்கு அடுக்குகளைச் சொன்னார்: தெரியும், எப்படிச் செய்வது என்று தெரியும், செய்து காட்டுவார், பணியிடத்தில் உண்மையிலேயே செய்கிறார். எழுத்துத் தேர்வு முதல் இரண்டு அடுக்குகளோடு நின்றுவிடும். தொழிற்படிப்பின் பெயரே மூன்றாவது அடுக்கைத்தான் வாக்களிக்கிறது.

செய்துகாட்டச் சொல்லும்போது முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள். முடிந்த பொருளைப் பார்த்தால் போதுமா, செய்யும் விதத்தையும் பார்க்க வேண்டுமா? முடிந்த பொருளே எல்லாவற்றையும் காட்டிவிடும் என்றால், ஆசிரியர் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. கணக்குப் பதிவில் மாத இறுதி வங்கிச் சரிபார்ப்பு அப்படிப்பட்டது. தாளை வாங்கி வைத்துக்கொண்டு ஆற அமரத் திருத்தலாம். வெல்டிங் வேறு மாதிரி. மேலே பார்க்க அழகாக இருக்கும் இணைப்பின் உள்ளே உலோகம் சரியாகச் சேராமல் இருக்கலாம். அதை வளைத்துப் பார்க்கும் சோதனை காட்டிக்கொடுக்கும். ஆனால் மாணவர் கண்ணாடி அணிந்தாரா, பக்கத்தில் எரியக்கூடிய பொருள் இருக்கிறதா என்று பார்த்தாரா என்பதை எந்தச் சோதனையும் காட்டாது. அதற்கு ஆள் நின்று பார்க்கத்தான் வேண்டும். நோயாளியைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதில் முடிந்த பொருள் என்று ஒன்றே கிடையாது, செய்யும் விதம்தான் எல்லாம்.

ஒவ்வொருவரையும் நின்று பார்க்க நேரம் எங்கே இருக்கிறது?

ரொனால்ட் ஹார்டன் 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் மருத்துவ மாணவர்களுக்காக அறிமுகப்படுத்திய நிலையச் சுற்று முறையைக் கடன் வாங்குங்கள். ஆறு மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பணி, ஒரு சரிபார்ப்புத் தாள், 12 நிமிடம். மணி அடித்ததும் எல்லாரும் அடுத்த மேசைக்கு நகர்வார்கள். ஆறு பேர் கொண்ட ஒரு சுற்று 72 நிமிடத்தில் முடியும். 24 மாணவர்கள் என்றால் நான்கு சுற்று, ஐந்து மணி நேரத்துக்குள் வேலை தீர்ந்துவிடும். பொருளைப் பார்த்தே மதிப்பிடக்கூடிய பணிகளை மூன்று மேசைகளில் வைத்தால், நின்று பார்க்க மூன்று ஆசிரியர்களே போதும்.

இதில் ஒரு குறையும் உண்டு. நான்கு மணி நேரம் பிடிக்கும் பழுதுபார்ப்பை 12 நிமிடத்துக்குள் அடக்க முடியாது. அந்த மாதிரி வேலைக்கு ஒரு முழு இறுதிப் பணியைத் தனியாக வையுங்கள்.

ரூப்ரிக் (ஒவ்வொரு மதிப்பீட்டு நிலையையும் விவரிக்கும் அட்டவணை) எழுதினோம், ஆனால் எல்லாருக்கும் ‘நன்று’ என்றே வருகிறது. ஏன்?

உங்கள் ரூப்ரிக்கில் ‘மிக நன்று, நன்று, சுமார், மோசம்’ என்று இருக்கும். அது ரூப்ரிக் இல்லை, அபிப்பிராயப் படிவம். ஒவ்வொரு நிலையிலும் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை எழுத வேண்டும். பழுது கண்டுபிடிப்பதற்கு இப்படி எழுதலாம். முதல் நிலையில், எதையும் அளக்காமல் பாகங்களை மாற்றிப் பார்க்கிறார். இரண்டாவதில் அளக்கிறார், ஆனால் கிடைத்த அளவை வைத்து அடுத்து எங்கே போவது என்று தீர்மானிக்க முடியவில்லை. மூன்றாவதில் வரைபடத்தைப் பார்த்து, சுற்றைப் பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே வந்து பழுதைப் பிடிக்கிறார். நான்காவதில், அந்தப் பழுது ஏன் வந்தது என்பதையும் சொல்லி, அது மறுபடி வராமலிருக்க வழி செய்கிறார்.

நான்கு நிலை நல்லது. ஐந்து வைத்தால் கை தானாக நடுவில் போய் நிற்கும்.

பாதுகாப்பு விதியை மறந்த மாணவருக்கு எவ்வளவு மதிப்பெண் குறைப்பது?

இந்தக் கேள்வியே தவறு. அது ஏன் தவறு என்பதில்தான் தொழிற்படிப்பு மதிப்பீட்டின் சாரமே இருக்கிறது.

ஒரு மின்பணியில் பத்துப் படிகள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மாணவர் ஸ்விட்சை அணைக்கிறார், பூட்டுகிறார், எச்சரிக்கை அட்டை மாட்டுகிறார். ஆனால் லைனில் மின்சாரம் உண்மையிலேயே இல்லையா என்று டெஸ்டரால் பார்க்காமல் வேலையைத் தொடங்குகிறார். மற்ற ஒன்பது படிகளும் பிசகாமல் நடக்கின்றன. 90 மதிப்பெண், வகுப்பில் முதல் இடம். பணியிடத்தில் அதே பழக்கம் ஒரு நாள் அவருடைய உயிரை எடுக்கலாம். மற்ற ஒன்பது படிகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த ஒன்றை ஈடுகட்டாது. ஈடுகட்ட முடியாததைக் கூட்டல் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அதனால் தாளை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பகுதி கட்டாயப் படிகள். இதில் ஒன்று தவறினாலும் தேர்ச்சி இல்லை. மறு பகுதி மதிப்பெண் படிகள். அங்கே சராசரி பார்க்கலாம். மின்பணியில் டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது, பிறகு லைனைப் பார்ப்பது, மறுபடி டெஸ்டரைச் சோதிப்பது: இந்த மூன்றும் சேர்ந்து ஒரே கட்டாயப் படி. செவிலியர் உதவியாளருக்கு, நோயாளியின் பெயரையும் இன்னொரு அடையாளத்தையும் சரிபார்ப்பது கட்டாயப் படி.

உடனே எல்லாவற்றையும் கட்டாயம் ஆக்கத் தோன்றும். வேண்டாம். இருபத்தைந்து கட்டாயப் படிகள் இருந்தால் யாரும் தேற மாட்டார்கள். அப்புறம் ஆசிரியர்களே கண்டும் காணாமல் டிக் போட ஆரம்பிப்பார்கள், முக்கியமான மூன்றும் அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகும். இந்தப் படி தவறினால் யாருக்காவது காயம் படுமா, திருத்தவே முடியாத சேதம் வருமா, சட்டமீறல் ஆகுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது மதிப்பெண் படி. ஒரு பணிக்கு மூன்று முதல் ஐந்து கட்டாயப் படிகளுக்கு மேல் போனால் மறுபடி யோசியுங்கள்.

தவறியவருக்கு மறுவாய்ப்பு உண்டு. அன்றே கொடுக்காதீர்கள். அன்றைக்குக் கொடுத்தால் பத்து நிமிட நினைவாற்றலைத்தான் சோதிப்பீர்கள். சில நாள் கழித்து, அதே கட்டாயப் படி வேறு ஒரு பணிக்குள் வரும்படி வையுங்கள்.

இன்னொன்று. ஒரே கட்டாயப் படியில் பலர் தவறுகிறார்கள் என்றால், பட்டறையில் பயிற்றுநர் செய்து காட்டும்போது அவரே அந்தப் படியைத் தாண்டிப் போகிறாரா என்று பாருங்கள். மாணவர் வாய் சொல்வதைவிடக் கை செய்வதைத்தான் பிடித்துக்கொள்கிறார்.

ஒரே வேலைக்கு இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாக மதிப்பிடுகிறார்கள். என்ன செய்வது?

தேர்வுக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். போன ஆண்டு மாணவர் ஒருவர் வேலை செய்யும் வீடியோவை எல்லாரும் தனித்தனியாக மதிப்பிட்டு, பிறகு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே வேறுபட்டீர்கள் என்று பேசுங்கள். பெரும்பாலும் ரூப்ரிக்கில் ஏதோ ஒரு சொல்தான் குற்றவாளியாக இருக்கும். ‘தகுந்த அளவு இறுக்குகிறார்’ என்று எழுதியிருப்பீர்கள். ஒருவருக்குத் தகுந்த அளவு கையால் உணர்வது, இன்னொருவருக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்.

ஒத்துப்போகிறோமா என்று கணக்கிடும்போது வெறும் சதவீதத்தை நம்பாதீர்கள். 50 மாணவர்கள். இருவரும் தேர்ச்சி என்றது 40 பேரை, இருவரும் தோல்வி என்றது 2 பேரை. மீதி 8 பேரில் நால்வரை ஒருவர் தேற்றினார், மற்ற நால்வரை இன்னொருவர் தேற்றினார். ஒத்த முடிவு 42, அதாவது 84 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருவருமே 88 சதவீதம் பேரைத் தேற்றுகிறவர்கள். கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்டாலே ஏறக்குறைய 79 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். ஜேக்கப் கோஹன் 1960-இல் கொடுத்த கப்பா என்ற அளவு இந்தத் தற்செயலைக் கழித்துவிடும். இங்கே கப்பா 0.24 மட்டுமே. 1 வந்தால்தான் முழு ஒற்றுமை. யார் தோற்க வேண்டும் என்பதில் இந்த இருவரும் பெரும்பாலும் வேறுபடுகிறார்கள், மாணவருக்கு வலிக்கும் இடமும் அதுதான்.

எங்கள் வகுப்பில் 12 பேர்தான். புள்ளிவிவரம் எடுத்துப் பயன் உண்டா?

சதவீதம் எழுதாதீர்கள், ஆட்களை எழுதுங்கள். 12 பேரில் ஒருவர் மாறினாலே 8 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கும். ‘75-இலிருந்து 83 சதவீதமாக முன்னேற்றம்’ என்று அறிக்கையில் எழுதுவது ஒரே ஒரு மாணவரைப் பற்றிய செய்தி. மூன்று ஆண்டுக் குழுக்களைச் சேர்த்துப் பாருங்கள். சிறிய வகுப்புக்கு ஒரு வசதியும் இருக்கிறது: மாதிரி எடுக்கத் தேவையில்லை, எல்லாருடைய வேலையையும் பார்த்துவிடலாம்.

எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் உரிமத் தேர்வில் தேறி வேலைக்குப் போகிறார்கள். இதைவிட என்ன சான்று வேண்டும்?

நல்ல செய்தி, சான்றாகவும் காட்டுங்கள். ஆனால் உரிமத் தேர்வுத் தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களை மட்டும்தான் எண்ணுகிறது. நடுவில் நின்றவர்களும், ‘இன்னும் தயாராகவில்லை’ என்று நீங்களே தள்ளிவைத்தவர்களும் அதில் வர மாட்டார்கள். வேலைவாய்ப்பு விகிதமோ உங்கள் கற்பித்தலைவிடச் சந்தையைத்தான் அதிகம் சொல்லும். ஆள் பற்றாக்குறை இருக்கும் ஆண்டில் அரைகுறையாகக் கற்றவருக்கும் வேலை கிடைக்கும்.

இந்த எண்களை வைத்தே நிதி ஒதுக்கினால் நிலைமை மோசமாகும். எந்த அளவீட்டின் மேல் முடிவுகளைச் சுமத்துகிறோமோ அந்த அளவீடு கெட்டுப்போகும் என்று சமூக உளவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970-களில் எழுதியதை, தேறக்கூடியவர்களை மட்டும் தேர்வுக்கு அனுப்பும் எந்தத் துறையிலும் பார்க்கலாம்.

இன்டர்ன்ஷிப்பில் மேற்பார்வையாளர் எல்லாருக்கும் ஐந்துக்கு ஐந்து போடுகிறார். அதை எப்படி எடுத்துக்கொள்வது?

எடுத்துக்கொள்ளாதீர்கள். கேள்வியை மாற்றுங்கள். ‘இவருடைய திறன் எப்படி?’ என்று கேட்டால் மரியாதைக்காக ஐந்து போடுவார். ‘இந்த வேலையை இவரிடம் தனியாக விடுவீர்களா, கூப்பிடு தூரத்தில் இருப்பீர்களா, பக்கத்திலேயே நிற்பீர்களா?’ என்று ஒவ்வொரு பணிக்கும் கேளுங்கள். இது அவர் தினமும் எடுக்கிற முடிவு, அதனால் உண்மையான பதில் வரும். நெதர்லாந்தின் ஒல்லே டென் காட்டே 2005-இல் மருத்துவப் பயிற்சிக்காக முன்வைத்த, நம்பி ஒப்படைக்கக்கூடிய பணிகள் என்ற கருத்து இதுதான். பட்டறைக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். முன்பெல்லாம் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் சீடனை இப்படித்தானே எடைபோட்டார்கள்.

நேரம் தவறாமை, குழுவாக வேலை செய்வது போன்றவற்றை அளக்க முடியுமா?

மனப்பான்மையை அளக்க முயலாதீர்கள், நடத்தையை எண்ணுங்கள். ‘பொறுப்புணர்வு உள்ளவர்’ என்பதை விட்டுவிட்டு, ‘கருவிகளை எண்ணித் திருப்பி வைத்தார், அடுத்த ஷிஃப்டுக்குக் குறிப்பு எழுதினார்’ என்று எழுதுங்கள்.

வாசிப்பில் பின்தங்கிய மாணவர் கைவேலையில் கெட்டிக்காரர். எழுத்துத் தேர்வில் தோற்கிறார். என்ன செய்வது?

அந்தத் தேர்வு எதை அளக்கிறது என்று பாருங்கள். இன்ஜின் பற்றிய கேள்வி நீண்ட வாக்கியமாக இருந்தால், அது வாசிப்பைத்தான் அளக்கிறது. கேள்வியைச் சுருக்குங்கள், படம் போடுங்கள், வாய்மொழியாகக் கேளுங்கள். அதனால் தரம் குறையாது.

ஆனால் ஒரு எல்லை உண்டு. பழுதுபார்ப்புக் கையேட்டையும் ரசாயனப் பாதுகாப்புத் தாளையும் வாசிப்பது வேலையின் பகுதி என்றால், அந்த வாசிப்பே ஒரு கற்றல் விளைவு. அதிலிருந்து விலக்கு கொடுப்பது மாணவருக்குச் செய்யும் உதவி ஆகாது. அதைத் தனியாக எழுதி, தனியாகக் கற்றுக்கொடுத்து, தனியாக அளக்க வேண்டும்.

பல ஆண்டு அனுபவத்தோடு சேருகிறவர்களை என்ன செய்வது?

இறுதிச் செய்முறைத் தேர்வை முதல் வாரத்திலேயே கொடுத்துப் பாருங்கள். கட்டாயப் படிகளில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள், பழைய கைகளில்தான் பழைய குறுக்குவழிகளும் இருக்கும்.

அளந்து முடித்தோம், அறிக்கையும் எழுதினோம். அடுத்து?

பெரும்பாலான துறைகள் இங்கேதான் நின்றுவிடுகின்றன. கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் ஏசிசிஜேசி என்ற அமைப்பு 2002-இல் கற்றல் விளைவுகளைத் தன் தரநிலைகளில் முக்கியமாகச் சேர்த்த பிறகு, அங்கே கல்லூரிகள் ஏராளமான விளைவுகளை எழுதின, படிவங்களை நிரப்பின. கோப்பு நிரம்புவது எளிது. அங்கீகாரக் குழு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த முடிவைப் பார்த்து எதை மாற்றினீர்கள்?

மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். 24 பேரில் 15 பேருக்கு வரைபடம் வாசிக்க வரவில்லை என்றால், ‘கூடுதல் வகுப்பு நடத்தப்படும்’ என்று எழுதுவது பழக்கதோஷம். அந்த 15 பேர் எந்த அணியில் இருந்தார்கள்? ஒரு பயிற்சிப் பலகையை ஆறு பேர் பகிர்ந்தார்களா? அப்படியானால் இருவர் செய்தார்கள், நால்வர் பார்த்தார்கள். வகுப்பைக் கூட்டினாலும் அந்த நால்வர் இன்னும் அதிக நேரம் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். சுழற்சி முறை ஒன்று போட்டு, ஒவ்வொருவர் கையிலும் மீட்டர் எவ்வளவு நேரம் இருந்தது என்று குறித்துவையுங்கள். அடுத்த குழுவை அதே பணியில், அதே ரூப்ரிக்கில் அளங்கள். ரூப்ரிக்கையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது முன்னேறியது என்றே தெரியாது.

எல்லா விளைவுகளையும் ஒவ்வொரு ஆண்டும் அளக்க வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு போதும். கட்டாயப் படிகள் மட்டும் எல்லா ஆண்டும்.

இந்த முடிவுகளை வைத்து ஆசிரியர்களுக்கு ஊதிய உயர்வு தீர்மானிக்கலாமா?

கூடாது. தீர்மானித்தால் அடுத்த ஆண்டே எல்லா மாணவர்களும் எல்லாவற்றிலும் தேறிவிடுவார்கள்.

ரூப்ரிக்கை மாணவர்களிடம் முன்கூட்டியே கொடுக்கலாமா? கொடுத்தால் அதை மட்டும் படிப்பார்களே?

கொடுங்கள், முதல் வாரத்திலேயே. அதை மட்டும் படித்தால்தான் என்ன? பழுதை முறையாகக் கண்டுபிடிப்பது எப்படி என்று அதில் எழுதியிருக்கிறது, அதைத்தானே கற்க வேண்டும். எந்தப் பழுதை வைக்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். பாதிப் பருவத்தில் ஒருவர் வேலையை இன்னொருவர் அதே ரூப்ரிக்கால் மதிப்பிடட்டும். அந்த மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம், ஏற்றினால் நண்பருக்கு நண்பர் கை கொடுப்பார்.

மாணவர் வேலை செய்யும் வீடியோக்களையும் தாள்களையும் எவ்வளவு காலம் வைத்திருப்பது?

மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை எல்லாவற்றையும் வைத்திருங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிலைக்கும் ஒன்றிரண்டு மாதிரிகள் போதும், அடுத்த ஆண்டு ஆசிரியர்கள் உட்கார்ந்து ஒப்பிட அவை தேவைப்படும். வீடியோ என்றால் மாணவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், பெயரையும் எண்ணையும் நீக்கிவிடுங்கள். செவிலியர் உதவியாளர் படிப்பில் உண்மையான நோயாளி இருக்கும் இடத்தில் கேமராவே வேண்டாம். அங்கே தாளும் பேனாவும்தான்.